விட்ட இடத்திலிருந்து

இராயபுரம்,
25-8-1953, செவ்வாய்க்கிழமை.

வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருக்கும் என் அன்புக் கணவர் அவர்களுக்கு எல்சி எழுதுவது.

மாதாவின் கிருபையால் வீட்டில் குறையொன்றும் இல்லை. உங்கள் கால்கள் எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன். இதைத் திண்டிவனம் கோவில் சுவாமியாரின் பொறுப்பில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் அங்கே சேரும்போது இது முன்னாலேயே போய்க் காத்திருக்கும்.

நேற்று விடியற்காலை உங்கள் பதினேழு பேரையும் வழியனுப்பியபின் தெரு வெறிச்சென்று ஆகிவிட்டது. துறைமுகத்திலிருந்து ஆள் வந்தது. உங்கள் கிரேனை வேறொருவர் ஓட்டுகிறாராம், மூட்டைகளை ஆட்டி ஆட்டி இறக்குகிறாராம், கீழே நிற்கிறவர்கள் செபம் சொல்கிறார்களாம். தண்டையார்பேட்டை அஜீசுன்னிசா வந்து, தன் தாயாருக்காகக் காணிக்கையாகக் கொடுத்தனுப்பிய வெள்ளிக் கண் பத்திரமா என்று கேட்டார். தெருக்காரர்கள் கொடுத்த கண், கால், தொட்டில், வீடு எல்லாம் மஞ்சள் பையில் உங்கள் இடுப்போடு இருக்கிறது, அங்கிருந்து எதுவும் விழாது என்றேன்.

மீன்கார வியாகுலம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உங்களைப் பற்றித்தான் பேசினார். “இன்னா டீச்சரம்மா, நேர்ச்சைய பாதில வுட்டா, வூட்டு மன்சங்க யாராச்சும் வுட்ட எடத்துலேந்து நடந்து முடிச்சா போதும். புள்ள திரும்பி வரணும்னு நீ நேந்துகினு கடலூர்ல வுட்டே. இன்னாசி அண்ணன் ரயில்ல கடலூர் போயி அங்கேந்து நடக்கக்கூடாதா? அந்த முட்டிய வச்சிகினு இங்கேந்தா நடக்கறது?” என்றார். அரைகுறையாக எதையும் செய்ய உங்களுக்கு வராது என்றேன். “அக்காங், கல்யாண பிரியாணில எலும்பகூட வுடாத மன்சனாச்சே” என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் நான் போனபோது முப்பது பேர் கிளம்பினோம். பதினொரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். திரும்புகிறவர்கள் சொன்ன காரணங்களை அப்போதே நோட்டில் எழுதிவைத்தேன், பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஒருவர் செங்கற்பட்டில் திரும்பினார். தங்கிய சத்திரத்துக்கு எதிரிலேயே ரயில் நிலையம் இருந்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. அக்காளும் தங்கையுமாக வந்த இருவர் சாம்பாரில் உப்புக்காகச் சண்டை போட்டு, ஒரே வண்டியில் ஏறித் திரும்பினார்கள். கால் கொப்புளத்தால் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. கொப்புளம் இருக்கும்வரை மனிதர்கள் நடக்கிறார்கள். அடிக்கு அடி அதனோடு மல்லுக்கட்டுவதால் வேறு நினைப்புக்கு இடமில்லை. ஏழாம் நாள், எட்டாம் நாள் தோல் காய்த்துப்போய்க் கால் தன்பாட்டுக்கு நடக்கிறது. அப்போது மனம் சும்மா இருக்கிறது. எதற்கு நடக்கிறோம் என்று கேட்கிறது. பெரும்பாலோர் நின்றது அங்கேதான்.

நான் ஏன் நின்றேன் என்று நீங்கள் கேட்டதில்லை. காய்ச்சல் என்று நீங்களே தெருவில் சொல்லி முடித்துவிட்டீர்கள். அதற்கு நன்றி சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

தங்குகிற இடத்தில் முட்டிக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எல்சி.


இராயபுரம்,
29-8-1953, சனிக்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

இது கடலூர் சுவாமியாரின் கையிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும். தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

வால்டர் வந்திருக்கிறான்.

நேற்று நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். வாசற்கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே போனால் கொல்லையில், அடிபம்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கம்பியால் நெம்பத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே. நான்கு வருடத்தில் உங்கள் தோள் அவனுக்கு வந்திருக்கிறது. இடது முழங்கையில் ஒரு தீத்தழும்பு. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. நிறைய முறை கடிதம் எழுதினானாம், எழுதியதையெல்லாம் கிழித்தானாம்.

அவன் முதலில் கேட்டது, “நைனா எங்கே?” என்றுதான். சொன்னேன். “எனுக்காவா? முட்டி வலி கீதே அவுருக்கு!” என்று சிரித்தான். பிறகு பம்பை அடித்து முகம் கழுவத் தொடங்கினான். ஒரு முகத்துக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. நான் காப்பி போடப் போய்விட்டேன்.

அவன் கப்பல் இங்கே கோதுமை இறக்குகிறது. காலையில் வந்து சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். வருகிற சனிக்கிழமை, ஐந்தாம் தேதி, கிளம்புகிறார்கள். மறுபடி இந்தப் பக்கம் வர இரண்டு வருடமோ மூன்று வருடமோ தெரியாது என்கிறான். நீங்கள் வேளாங்கண்ணி சேர்வது ஏழாம் தேதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று காலை வாசற்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். அவன் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் வந்தான். ஏன் என்று கேட்டேன். “நைனா இன்னா சொல்லிச்சின்னு நெனப்பு கீதா?” என்றான். எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் சேர்த்துவிட்ட பட்டறைப் பயிற்சியை ஏழாம் மாதத்தில் அவன் விட்டபோது, பாதியில் விட்டுப் போகிறவன் என் வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது என்றீர்கள். அவன் மிதிக்கவில்லை. கொல்லைக் கதவைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். வியாகுலம்மாள் சந்தில் பார்த்துவிட்டு, “இன்னாடா, கப்பல்ல போயி தொரையாட்டம் வருவேன்னு பாத்தா, திருடனாட்டம் வந்துகினு கீறே” என்று கத்தினார். அவரோடு சிரித்துப் பேசுகிறான், அவர் கொடுத்த சுறாப் புட்டை ஒரு தட்டு தின்றான். ஆனால் முன் அறையைத் தாண்டி வாசல் பக்கம் ஒரு அடி வைப்பதில்லை. அவன் யார் பிள்ளை என்று யாரும் கேட்கவேண்டிய அவசியமில்லை.

நான் கடலூரில் ஏன் நின்றேன் என்பதை இப்போது சொல்கிறேன். எட்டாம் நாள் காலை. கோவில் கிணற்றடியில் முகம் தெரியாத ஒரு அம்மாள் சூடாகக் கஞ்சி கொடுத்து, மாதாவிடம் என்ன கேட்கப் போகிறாய் என்றார். பிள்ளை திரும்பி வரவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மையில்லை என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் எங்கேயோ தோற்று, இளைத்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லிக்கொண்டு திரும்பி வரவேண்டும். நான் ஏழு நாளும் கேட்டுக்கொண்டு நடந்தது அதைத்தான். அந்த விண்ணப்பத்தோடு மாதாவின் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டு, கூட்டம் போனபின் கோவில் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். எனக்கு அன்று காய்ச்சல் இல்லை.

அவன் தோற்று வரவில்லை. நன்றாக இருக்கிறான். அதனால் இனி மிச்சமிருப்பது கேட்பதற்கான நடை அல்ல, நன்றிக்கான நடை. அதுவும் கடலூரிலிருந்து மேலே போகிற வழி என்னுடையது, இரண்டு வருடமாக அங்கேயே கிடக்கிறது. அதை நான் நடக்கிறேன். நீங்கள் திரும்பி வாருங்கள்.

பள்ளியில் எனக்குச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் தேர்வு. பெரிய ஆசிரியையிடம் விடுப்புச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடலூர் கோவில் வாசலில் இருப்பேன். உங்கள் கூட்டம் அன்று விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடும். அவர்கள் போகட்டும். நீங்கள் முன்னால் பிடித்துப்போகும் மாதா கொடியை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். நான் சாயங்காலத்துக்குள் அவர்களை எட்டிவிடுவேன். மஞ்சள் பையை என் கையில் கொடுங்கள். அஜீசுன்னிசாவிடம் சொல்லிவிட்டேன், “உங்க இடுப்பும் கெட்டி இடுப்புதான்” என்றார். மத்தியான வண்டியில் நீங்கள் ஏறினால் வியாழன், வெள்ளி இரண்டு நாள் அவன் உங்களுக்குக் கிடைப்பான். எனக்குச் செவ்வாய் வரை இந்த ஐந்து நாள் கிடைக்கிறது. அவன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டேன். போதும் என்று எழுதினால் பொய்யாகும். இருந்தாலும் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

நேரில் சொல்லியிருந்தால் நீங்கள் மறுத்துப் பேசுவீர்கள், நான் பேசாமல் இருந்துவிடுவேன். நம் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தை நீங்கள் அதட்ட முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் நீங்கள் எதையும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. கோபத்தைக்கூட விட்டதில்லை. நான் விட்டு வந்தபோது காய்ச்சல் என்று எனக்காகத் தெருவில் பொய் சொன்னீர்கள். உங்களிடம் அந்த மனமும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கு அது தெரியாது.

நாலு மணிக்கு மற்றவர்கள் பாடிக்கொண்டு போவார்கள். கொடி தெருமுனையில் திரும்பி மறையும். நீங்கள் கோவில் வாசலில் தனியாக இருப்பீர்கள். அந்த ஆறு மணி நேரம், நடப்பதைவிடக் கடினம். நான் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

வீட்டுச் சாவி வியாகுலம்மாளிடம் இருக்கும். ஆனால் வியாழக்கிழமை காலை அவன் வந்தபின் அவனிடம் வாசல் வழியாகப் போகாதீர்கள். சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப்புறமாகப் போங்கள். பம்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அதன்பின் இரண்டு பேரும் எந்தக் கதவு வழியாக வெளியே வருவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நடப்பதற்கு உங்களுக்காக யாரும் வரம் கேட்க வேண்டியதில்லை. அந்தப் புதன்கிழமைக் காலை எழுந்துவிடாமல் உட்கார்ந்திருக்க, ஆரோக்கிய மாதா உங்களுக்குப் பலம் தரட்டும்.

உங்கள் பாதங்களை நினைத்துக்கொண்டு,
எல்சி.