எண்ணெய் ஊற்றாத ஞாயிறு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொட்டாய்த் தகரம் இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று.

பிக்கப் சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது.

பின் அச்சுப் பல்சக்கரம்: கிரவுன், பினியன் ஒரு ஜோடி. வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும்.
லாக்கர் ஒன்று.
பேரிங் நான்கு.
சிலிக்கான் பசை, மஞ்சள் பசை.
கியர் ஆயில் மூன்று போத்தல்.

லாக்கர் என்ன செய்யும் என்று என் மனைவி சாந்திக்கு விளக்கினேன். இப்போது ஒரு பின்சக்கரம் சேற்றில் சிக்கினால் எஞ்சின் பலம் முழுக்க அதற்கே போகிறது. அது சும்மா சுற்றும், மற்றது அசையாது. லாக்கர் இருந்தால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

போன மாதம் பள்ளத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றி மேட்டில் வரும்போது வண்டி வழுக்கிப் பின்னால் போனது. குலைகளின்மேல் நின்றிருந்தவள் குதித்தாள், மணிக்கட்டு முறிந்தது. வண்டி ஒரு செம்பனை மரத்தில் முட்டி நின்றது. அந்த மரம் இல்லையென்றால் ஓடையில் கிடந்திருப்பேன். அன்றிலிருந்து அவள் வண்டிப் பக்கமே வருவதில்லை.

அடுத்த குலை வெட்டு 15-ஆம் தேதி. அதற்குள் வண்டி அந்த மேடு ஏறியாக வேண்டும். தோட்டத்து முதலாளி தவுக்கே இன்னொரு வண்டிக்காரனிடம் பேசிவைத்திருக்கிறார் என்று காதில் விழுந்தது.

நவம்பர் 6, வியாழன்

வெயில். அந்தோணி விடியற்காலையே பெர்மாஸ் ஜெயாவிலிருந்து புறப்பட்டு இங்கே எங்கள் ஊர் சாஆவுக்கு வந்துவிட்டான். என் தங்கை லெட்சுமியின் புருஷன். வேலை பார்த்த பட்டறையை மூடி இரண்டு மாதம் ஆகிறது. பின் அச்சுக்குள் பல்சக்கரம் மாட்டும் இந்த டிஃப்ரென்ஷியல் வேலைதான் பக்கத்தில் யாரும் நிற்காமல் அவனே தனியாகச் செய்யும் முதலாவது.

பினியனுக்குத் தகடு வைத்து, மஞ்சள் பசை பூசி, கையால் சுற்றி, பல் எங்கே படுகிறது என்று பார்த்தான். சரியில்லை. கழற்றினான். வேறு தகடு. மறுபடியும் பசை. ஏழு தடவை. எனக்கு ஐந்தாவது தடவையிலேயே பொறுமை போய்விட்டது.

"போதும் லா மாப்ள, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மச்சான். சரியா இல்ல."

மாலையில் லெட்சுமி போன். சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை தயாராம். அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும், மாதம் ஒருமுறை வீடு. 14-ஆம் தேதி வெள்ளி, சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஜேபி நகரத்து ஆபீசில் கையெழுத்து.

"அண்ணா, அவருக்குச் சொந்தமா பட்டறை வெக்கணும்னுதான் ஆசை. உங்க வண்டி நல்லா வந்துச்சுனா துணிஞ்சு எறங்கிடுவாரு. சின்னவ இப்பத்தான் அப்பான்னு ஒட்ட ஆரம்பிச்சிருக்கா."

நல்லா வரும் என்று சொன்னேன்.

நவம்பர் 8, சனி

வேலை முடிந்தது. மூடிக்குச் சிலிக்கான் போட்டு இறுக்கிவிட்டான். ஒரு ராத்திரி காய வேண்டும். நாளை சர்ச் முடித்து மத்தியானம் வந்து எண்ணெய் ஊற்றுவானாம். மூன்று போத்தலையும் வரிசையாகப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனான்.

"அதுவரைக்கும் வண்டிய தொடாதீங்க மச்சான். உள்ள சொட்டு எண்ணெய் இல்ல."

தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

சாந்தி காலண்டரில் நேரம் பார்த்துவிட்டாள். நாளை காலை ஏழே முக்காலுக்கு மேல் நல்ல நேரம். பூசாரியிடமும் சொல்லியாயிற்று. பூசை போடாமல் அந்த வண்டியில் காலே வைக்கமாட்டேன் என்கிறாள். வண்டிப் பேச்சை அவள் வாயால் எடுத்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

எலுமிச்சம்பழம் 4, பூசணி 1, கற்பூரம், மாலை.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

நாலு எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி இறக்க நாலு அடிதானே என்று நினைத்தேன். நாலு அடிக்கு ஒன்றும் ஆகாது. சாவியைத் திருகினேன், பழம் நசுங்கியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். சாந்தி கட்டுக் கையோடு கும்பிட்டுக்கொண்டு நின்றாள். ஒரு மாதம் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு.

பூசாரி தட்டோடு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"கோயிலுக்கு விடுங்க தம்பி. அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டா பூசை நெறைவு."

இறங்குங்க சாமி, வண்டியில் எண்ணெய் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாய் வரவில்லை. எண்ணெய் இல்லாத வண்டிக்குப் பூசை போட்டான் என்று ஊரே சிரிக்கும். சாந்தி அபசகுனம் என்பாள், மறுபடி ஏறவேமாட்டாள். போனேன்.

போக 7 கி.மீ., வர 7 கி.மீ. வரும்போது தீய்ந்த வாடை. கொட்டாயில் நிறுத்திப் பின் அச்சைத் தொட்டுப் பார்த்தேன். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டேன். விரல் நுனி கொப்பளம்.

இரண்டு மணிக்கு அந்தோணி வந்தான். அதற்குள் அச்சு ஆறிவிட்டது. நசுங்கிய பழத்தைப் பார்த்தான்.

"அலமாக்! வண்டிய எடுத்தீங்களா?"

"பழம் நசுக்க மட்டும் லா. நாலு அடி."

"சரி சரி, நாலு அடின்னா ஒண்ணுமில்ல."

நம்பிவிட்டான். எண்ணெய் ஊற்றினான். போல்ட் ஓட்டையில் வழியும்வரை ஊற்றி, விரலை விட்டுப் பார்த்து, மூடினான். போத்தலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம். புதுப் பல் என்பதால் இருபது நிமிடம் ஓட்டி, அரைமணி ஆறவைத்து, மறுபடி ஓட்ட வேண்டுமாம். அந்தோணி ஓட்டினான், நான் பக்கத்தில்.

முதல் தடவை அறுபது வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். பின்னாலிருந்து ஓர் ஊளை. காலை வைத்தால் நிற்கிறது, எடுத்தால் வருகிறது.

ரேடியோவை அணைத்தான். கண்ணாடியை இறக்கினான். திரும்பத் திரும்ப அதே அறுபது, அதே ஊளை. நெற்றியெல்லாம் வியர்வை.

"உங்களுக்குக் கேக்குதா மச்சான்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

இதுவும் பொய். எண்ணி வைத்துக்கொள்: இரண்டாவது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. கேஸ் மாற்ற வேண்டும். சாந்திக்கு கிளினிக் நாளை பத்து மணி.

எண்ணெயை வடித்தான். அடி போல்ட்டில் ஒரு காந்தம் உண்டு, இரும்புத் தூள் அதில்தான் ஒட்டும். மீசைபோல ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றினான். கிரவுனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பல் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. கீறல்.

"சூடாயிருக்கு. எண்ணெய் பத்தாம ஓடியிருக்கு."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் எழுந்துபோய்க் குப்பையிலிருந்து காலிப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். வரிசையாக வைத்து எண்ணினான். ஒன்று, இரண்டு, பலகைமேலிருந்து எடுத்த பாதி மிச்சமுள்ள மூன்றாவது. மறுபடி எண்ணினான்.

"ரெண்டரை ஊத்துனேன். வழியிற வரைக்கும் ஊத்துனேன். நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்ப நான்தான் ரொம்ப இறுக்கமா வெச்சிருக்கேன். என் கைதான் சரியில்ல."

ஏழு தடவை பசை பூசிப் பார்த்த கை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், மரம் மாதிரி. த்தூ.

கீறலைத் தேய்த்து, இடைவெளி கொஞ்சம் விட்டு, புது எண்ணெயோடு பூட்டினான். வேறு ஜோடிக்கு நாள் இல்லை. தாங்கும் என்றான். தாங்குமா என்று என்னைத்தான் கேட்டான்.

நவம்பர் 13, வியாழன்

தவுக்கே போன். மழை பிடிக்கும்போல இருக்கிறது, நாளைக் காலையே குலையை ஏற்று என்கிறார். சரி என்றேன்.

நேற்று கிளினிக்கில் சாந்தியின் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்து குச்சியாக இருக்கிறது. நாளை தோட்டத்துக்குத் தானும் வருகிறாளாம், மேட்டு உச்சியில் நின்று வழி காட்டுவாளாம். "பூசைதான் போட்டாச்சே, இனி என்ன பயம்?" சும்மா இரு என்று கத்திவிட்டேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று வேறு கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

லெட்சுமி போன். அழுதாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடுறேங்கிறாரு. ஸ்பேனரத் தொட்டா கை நடுங்குதாம். பட்டறை கிட்டறை எல்லாம் நமக்கு எதுக்குங்கிறாரு. என்னாச்சுண்ணா அங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

மூன்றாவது, நான்காவது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எண்ணெய் இல்லாமல் ஓட்டியது வாய் தவறியது மாதிரி. அதை மன்னித்துவிடலாம். மற்றதெல்லாம் வேண்டுமென்றே.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் தூறல். அந்தோணி வந்துவிட்டான். வெள்ளைச் சட்டையைக் காரில் ஹேங்கரில் மாட்டியிருந்தான், இங்கிருந்து நேரே கையெழுத்துக்குப் போக.

ஒன்பதரைக்குள் குலை ஏற்றியாயிற்று. பள்ளத்தில் வண்டி, எதிரே மேடு. போன மாதத்துத் தடம் இன்னும் இருக்கிறது. முட்டிய மரத்தில் பட்டை இல்லை. உச்சியில் சாந்தி குடையோடு.

அந்தோணி பக்கத்தில் உட்காருவான் என்று நினைத்தேன். இறங்கினான். பின்னாலிருந்து ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான்.

"நீங்க ஏறுங்க மச்சான். நான் கட்டையோட பின்னாடியே நடந்து வரேன். நின்னுச்சுனா ஒடனே சக்கரத்துக்கு வெச்சிடுறேன்."

"பின்னாடி நிக்காத!"

"என் வேல மச்சான். நான்தான் நிக்கணும்."

முதல் கியர். ஆறடி ஏறியது. இரண்டு சக்கரமும் சேர்ந்தே பிடித்தன, லாக்கர் சொன்னபடி கேட்டது. பிறகு உள்ளே ஒரு சத்தம். கடக். இன்னொன்று. கண்ணாடியில் அவன் முகம், நனைந்த தலை, நெஞ்சோடு அணைத்த கட்டை. மேலே சாந்தி வா வா என்று கையசைக்கிறாள். பல் ஒன்று போனால் ஒன்றரை டன் குலையும் வண்டியும் அவன்மேல்தான்.

பிரேக்கை மிதித்து, கைபிரேக்கும் போட்டு, "கட்டைய வை! வெச்சிட்டுத் தள்ளிப் போ!" என்று கத்தினேன். வைத்தான். தள்ளி நின்றான். எஞ்சினை அணைத்து இறங்கினேன்.

"நாலு அடி இல்ல மாப்ள. கோயில் வரைக்கும் போனேன். போயிட்டு வந்தேன். பூசாரிய எறக்கி விட்டேன். எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி."

அந்தோணி கணக்குப் போட்டான்.

"பதினாலு கிலோமீட்டரு."

"ஆமா."

"மூணு நாளா கண்ண மூடுனா அந்த நீலப் பல்லுதான் தெரியுது மச்சான். எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு தேடிக்கிட்டே இருக்கேன். பொண்ணத் தூக்கக்கூட பயமா இருந்துச்சு, இந்தக் கையால." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "போத்தல எண்ணும்போதுகூட பக்கத்துலதானே நின்னீங்க?"

மன்னிச்சிடு என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வண்டியைப் பிரேக்கில் மெல்லப் பள்ளத்துக்கு இறக்கி, குலைகளைக் கீழே தள்ளினோம். மற்ற வண்டிக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். தோட்டத்து வேலை இனி அவனுக்கே போகலாம். காலி வண்டியை அந்தோணியே மெதுவாக வீடுவரை ஓட்டி வந்தான். வழியெல்லாம் ஊளை.

சாந்தி என்னாச்சு என்று கேட்டாள். வண்டி சரியில்லை என்றேன்.

மூன்று மணி. கொட்டாயில் ஸ்பேனர் சத்தம். டீ கொண்டுபோனேன். வாங்கவில்லை, வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவும் இல்லை. ஜேபி போக இரண்டு மணி நேரமாவது வேண்டும். மூன்றரை. வெள்ளைச் சட்டை காரிலேயே தொங்குகிறது. சொல்லலாமா? நான் சொல்ல என்ன தகுதி? நான்கு மணி.

ஐந்து மணி. ஸ்பேனர் சத்தம் நிற்கவில்லை.

நவம்பர் 15, சனி

மழை விட்டிருக்கிறது. நேற்று மாலை சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்.

காலையில் கொட்டாய்க்குப் போனேன். எண்ணெய் சுத்தமாக வடிந்து பேசினில். பின் அச்சு திறந்து கிடக்கிறது, ஓட்டையில் துணி அடைத்திருக்கிறான். கிரவுனும் பினியனும் இல்லை, எடுத்துப் போயிருக்கிறான். அவனுடைய ஸ்பேனர் பெட்டி இங்கேயே இருக்கிறது.

ஸ்டீயரிங்கில் கம்பி கட்டி ஓர் அட்டை. மார்க்கர் பேனாவில் பெரிய எழுத்து:

எண்ணெய் இல்லை. வேறு ஜோடி கொண்டு வருகிறேன். பூசாரியே வந்தாலும் எடுக்காதீர்கள்.

மூன்று தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது, வெட்கம் வேறு. சாந்தி டீயோடு வந்தது தெரியவில்லை. அவளும் படித்தாள்.

"பூசாரியா? அவரு எதுக்கு இப்ப வண்டிய எடுக்கச் சொல்லப்போறாரு?"

டீயை வாங்கிக் கீழே வைத்தேன். உட்காரச் சொன்னேன்.