அண்ணனின் கேம்ஷாஃப்டும் அப்பாவின் காலும்

என் அண்ணா, வண்டிக்கிறுக்கா,

அங்கே ரோடெல்லாம் எப்படி? வளைவு இருக்கிறதா? நேர் ரோடாக இருந்தால் இந்நேரம் யாரிடமாவது சண்டைக்கு நின்றிருப்பாய். எனக்கும் உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது, அதற்குத்தான் எழுதுகிறேன்.

நீ நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்காமலே போன பிறகு, உன் சிவப்புக் காரை அப்பா ஓட்ட ஆரம்பித்தார். எனக்கு வேலை தேவிகுளத்தில் அல்லவா, அவ்வப்போது அம்மாவை ஏற்றிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையிலிருந்து மலையேறி என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். நீ பிடித்த ஸ்டியரிங்கைப் பிடிப்பதில் அவருக்கு ஒரு ஆறுதல். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்கு முன்னால் ஒருநாள் அவர்கள் ஊர் திரும்பும்போது, மறையூர் தாண்டிய இறக்கத்தில் கரும்பு ஏற்றிய பிக்கப் ஒன்று வளைவிலேயே நின்றிருந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லு மாதிரி இறுகி நின்றதாம். இரண்டு காலையும் வைத்து அழுத்தி, ஓரத்து மண்மேட்டில் ஏற்றித்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அம்மாவுக்கு நெற்றி வீங்கியது, அவ்வளவுதான். சாமி புண்ணியம்.

ஆனால் அப்பா அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டார். "வண்டி மேல தப்பில்ல கண்ணு. என்ர கால்ல தெம்பு போயிருச்சு. பையன் போனான், பின்னாலயே காலும் போச்சு" என்றார். டிராக்டரையும் தொடவில்லை. தோப்புக்குப் போவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. மனிதர் கட்டிலே கதியென்று கிடந்தார் அண்ணா. உன்னைக் கொடுத்தது போதாதென்று அவரையும் கொடுத்துவிடுவோமோ என்று பயந்தேன்.

லீவு போட்டு ஊருக்கு வந்து, உன் கூட்டாளி சுரேஷின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். பிரேக்குக்குத் தெம்பு கொடுக்கும் பூஸ்டர் போயிருக்கும் என்று புதிதாக மாற்றினான். பேடு மாற்றினான், ஆயில் மாற்றினான். நானே மலைக்கு ஓட்டிப்போய்த் திரும்பினேன். பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. பழைய பூஸ்டரைச் சோதித்தால் அதிலும் ஒரு குற்றமும் இல்லை. "பெரியவருக்கு வயசாச்சுங்க, அதான்" என்றான் சுரேஷ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வாரம்வரை உர மூட்டை தூக்கியவருக்கு ஒரே நாளில் கால் போகுமா?

அம்மாதான் வெங்காயம் உரித்தபடி போகிற போக்கில் சொன்னாள். "எறக்கம்னா உங்கப்பன் எப்பவும் நூட்டல் போட்டுத்தான உடுவாரு? பெட்ரோல் மிச்சமாமா!"

எனக்குப் பொறி தட்டியது. நீயும் நானும் செகண்ட் கியரில் இஞ்சினை உறுமவிட்டுத்தான் இறங்குவோம். அப்பாவுக்கும் அவர் சேக்காளிகளுக்கும் இறக்கமென்றால் நியூட்ரல். சுரேஷிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான். "அட, அந்தக் கேமுங்க!"

கோயமுத்தூர் போய் ரேஸ் வண்டிக்குப் போடுகிற கேம்ஷாஃப்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாயே, அதுதான். அது வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கிறதாம். வேகமாக ஓடும்போது இஞ்சினுக்கு வெறி பிடிக்கும். சும்மா ஐடிலில் நிற்கும்போது காற்றை உறிஞ்சும் பலம் இருக்காது. பூஸ்டர் வேலை செய்வதோ அந்த உறிஞ்சலை நம்பி. நியூட்ரலில் இறங்கினால் இஞ்சின் ஐடிலில்தானே கிடக்கும்? இரண்டு மிதியில் பூஸ்டர் காலி. அன்றுவரை அப்பாவுக்கு ஓங்கி மிதிக்க வேண்டிவரவில்லை, அவ்வளவுதான்.

சுரேஷ் வீட்டுக்கே வந்து, பூஸ்டருக்குப் போகும் குழாயில் உறிஞ்சலை அளக்கும் கேஜைச் சொருகினான். ஐடிலில் முள் பாதிக்கும் கீழே கிடந்து நடுங்கியது. நான் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சீட்டில் உட்காரவைத்தேன். இஞ்சினை அணைத்து, பெடலை இறுகும்வரை மிதிக்கச் சொன்னோம். காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தார். பெடல் அசைந்தது மாதிரி இருந்தது, இறங்கவில்லை. சுரேஷ் பானெட்டுக்குள் கைவிட்டு ஒருமுறை ரேஸ் செய்து விட்டான். முள் எகிறியது, அப்பாவின் கால் கீழே போனது.

"அட, எறங்குதே! கண்ணு, எறங்குதே!" என்று கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?

இது உனக்குத் தெரியுமா அண்ணா? டவுனுக்குள் பெடல் கனத்திருக்குமே. ரேஸ் வண்டி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாயா? அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

சரி செய்ய இரண்டு வழி சொன்னான் சுரேஷ். உறிஞ்சலைச் சேர்த்துவைக்க ஒரு சின்ன டேங்க் வைக்கலாம். இல்லையென்றால் நீ பரணில் போட்டுவைத்த பழைய கேமையே மாட்டலாம். நான் டேங்க் என்றேன். அப்பா, "அதையக் கழட்டிப்போடு" என்றார்.

"ஏனுங்கப்பா, அண்ணன் ஆசையா போட்டதுங்க!" என்று சண்டைக்குப் போனேன். ஐடிலில் அந்த வண்டி தடதடவென்று விட்டுவிட்டுத் துடிக்குமே, அது உன் சத்தம். அதை எப்படிக் கழற்றுவது?

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பேட்டரி எறங்கப்படாதுன்னு நீ வாசல்ல ஸ்டார்ட் பண்றயல்லோ... அப்பெல்லாம் அவன் வந்துட்டான்னு எந்திரிச்சர்றேன் கண்ணு. பாதித் தூரம் வந்துட்டுத்தான் நெனப்பு வருது."

வண்டியை நான் ஏதாவது செய்துவிடுவேனோ என்று பார்க்கத்தான் அவர் வாசல் பக்கம் எழுந்து வருகிறார் என்று நினைத்திருந்தேன். பாவி நான், சிரித்துக்கூட இருக்கிறேன். சாவியை எடுத்துச் சுரேஷிடம் கொடுத்தேன்.

போன வாரம் அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மறையூர் வழியாக இறங்கினோம். ஒரு இறக்கத்தில் திருட்டுத்தனமாகக் கை கியருக்குப் போனது. "அப்பா!" என்றேன். "சும்மா தொட்டுப் பாத்தேன்" என்றார். பிக்கப் நின்றிருந்த அந்த வளைவில் மெல்ல மிதித்தார், வண்டி அடங்கி நின்றது. "காலு கெடக்குது கண்ணு, நல்லாத்தான் கெடக்குது" என்றார். மறுநாள் விடிந்ததும் தோப்புக்குப் போய்விட்டார்.

உன் கார் இப்போது ஊரிலுள்ள எல்லாக் கார்களையும் போலத்தான் வந்து நிற்கிறது அண்ணா. அன்று நாங்கள் வாசலில் வந்து இறங்கியதே உள்ளே இருந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவை நான் பார்த்துக்கொள்வேன், இறக்கத்தில் நியூட்ரலுக்கு விடமாட்டேன், இது சத்தியம். நீ வந்தால் மட்டும் வண்டிச் சத்தத்தை நம்பி வாசலில் நிற்காதே. வாய்விட்டுக் கூப்பிடு, நான் ஓடி வருகிறேன்.

உன் கூடப் பிறந்தவள்,
கவிதா