கராபோவுக்கு ஒரு நட்சத்திரம்

தாபா-ட்செகா,
10 அக்டோபர் 1996

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். சுரங்கத்துக்குள் இறங்கும்போதெல்லாம் கடவுள் உங்களோடு இறங்கட்டும்.

இரண்டு கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரவில்லை. இந்த முறையும் லீவு இல்லை என்று எழுதாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் நட்டுவைக்கும் மரக்கிளையில் தொங்கவிட ஆளுக்கொரு ஃபெல்ட் பொம்மை செய்துகொண்டிருக்கிறேன். நம் ஆட்டுக் கம்பளிதான். வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை வெந்துவிட்டது. உங்கள் அம்மாவுக்குத் தொப்பி, தங்கை புசேவுக்குப் பூசணி. உங்களுக்கு என்ன வெட்டலாம் என்று கேட்டேன்.

"குதிரை வெட்டுங்க அண்ணி. லாயத்துக்கு வழி மறந்துபோன குதிரை!" என்றாள் புசே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ஆட்டுப்பட்டிப் பக்கம் போய் அழுதேன்.

வந்துவிடுங்கள்.

மாகராபோ


வெல்கோம்,
2 நவம்பர்

அன்புள்ள மாகராபோ,

கோபப்படாதே, லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம்.

ஓர் உதவி. கூட வேலை செய்பவனின் மகளுக்கு ஒரு நட்சத்திரம் செய்து அனுப்பு. இரண்டு வயது. மஞ்சள் என்றால் உயிர். நூல் எதையும் நீளமாக விடாதே, வாயில் போட்டுக்கொள்வாள். பேர் கராபோ.

மொலேஃபி


தாபா-ட்செகா,
17 நவம்பர்

அன்புள்ளவருக்கு,

நட்சத்திரம் முடிந்தது. பேரைத் தைக்க உட்கார்ந்தேன். ஊசி முதல் எழுத்தைத் தாண்டவில்லை.

நான் மணப்பெண்ணாக வந்த அன்றே, பிறக்கப்போகும் தலைப்பிள்ளையின் பேரை வைத்து உங்கள் அம்மா என்னை மாகராபோ ஆக்கினார்கள். கராபோவின் தாய். பதினோரு வருடமாக ஊற்றடியிலும் சர்ச்சிலும், பிள்ளையே இல்லாத என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறேன்.

அந்தப் பேர் ஊரில் பலருக்கு இருக்கிறது. ஆனால் அடுத்தவன் மகள் எதை வாயில் போடுவாள் என்பதுவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? நேராகச் சொல்லுங்கள்.

மாகராபோ


வெல்கோம்,
1 டிசம்பர்

மாகராபோ,

என் மகள்தான். அவளைப் பெற்றவள் குளிர்காலத்தில் வேறொருவனோடு டர்பனுக்குப் போய்விட்டாள். நான் ஷிஃப்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள். பேர் வைக்கச் சொன்னபோது என் வாயில் வேறு பேர் வரவில்லை. உனக்குச் செய்த துரோகத்தில் அதுதான் பெரிது என்று இப்போது புரிகிறது.

லீவு கிடைத்துவிட்டது. ஆனால் எந்த முகத்தோடு வருவேன்? நட்சத்திரத்தை மட்டும் அனுப்பு. இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

மொலேஃபி


தாபா-ட்செகா,
12 டிசம்பர்

மொலேஃபி,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மடியிலேயே செருகி வைத்திருந்தேன். நான்காம் நாள் உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இப்ப என்னடி பண்ணப்போற?" என்றார்கள். "முதல்ல பேரைத் தச்சு முடிக்கிறேன் அத்தை" என்றேன்.

முடித்துவிட்டேன். தபாலில் அனுப்ப மாட்டேன், கிளையில் கட்டிவிட்டேன். வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும்.

நீங்கள் உங்கள் தம்பி வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். என்னைச் சமாதானப்படுத்த எதையும் வாங்கி வர வேண்டாம். மலையில் சாயங்காலம் குளிரும். அவளுக்கு ஸ்வெட்டர் போட்டு, இருபத்துமூன்றாம் தேதி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள்.

உங்களை மன்னிக்க எனக்கு நாளாகும். அதுவரைக்கும் அவளைக் காக்க வைக்காதீர்கள்.

மாகராபோ