ரெண்டு பி

கார்த்திகை, வெள்ளி இரவு

நானும் அவரும் போனில் ஒரே விளையாட்டைத்தான் ஆடுகிறோம். தட்டத் தட்ட எண் ஏறும். இன்று என்னுடையது 900 எம், அவருடையது வெறும் 2 பி. கம்பெனியில் செக்கிங்கில் நான் ஒதுக்கித் தள்ளும் ஓட்டை பனியனுக்குப் பெயர் பி கிரேடு. “ஏனுங்க, உங்களுது ரிஜெக்டுங்களா?” என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

“ஆமா புள்ள, தோத்துட்டேன்” என்றார்.

சாப்பிடும்போதுதான் மகள் சொன்னாள், எம் என்றால் மில்லியன், பி என்றால் பில்லியன், ஆயிரம் எம் சேர்ந்தால்தான் ஒரு பி என்று. எனக்கு வெட்கமாகிவிட்டது.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“உங்கம்மா தவறுனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்ச புள்ள.”

இப்போது தூங்குகிறார். அவர் போனை எடுத்து அவருக்காகக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தேன்.