அக்காவின் பூனைக்கு நகமில்லை

14 செப்டெம்பர் 2008, ஞாயிறு

கறுவல் அம்மாவின் கையைக் கீறிவிட்டது. பூனை விளையாட்டுக்குத்தான் கீறியது. ஆனால் அம்மா இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர். துணியால் அமத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன், இரத்தம் நிற்கவே மாட்டேன் என்றது.

பின்னேரம் குட்மேய்ஸிலிருந்து மாலினி அக்கா போன் எடுத்தாள். அம்மா அதை ஏன் சொன்னாரோ.

"எங்கடை பூனை ஒஸ்கர் ஒருத்தரையும் கீறாது. அம்மாவை இஞ்சை கொண்டுவந்து விடடி."

அக்கா ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. இவ்வளவு வருடமும் அம்மாவை வைத்துப் பார்த்தவள் நான்.

16 செப்டெம்பர்

என் மனுசன் றமணன் வேலையால் வந்து, கறுவல் கீறிக் கிழித்த செற்றியில் சாய்ந்து இருந்துகொண்டு சொல்கிறார்: "மாலினி அக்கா வீட்டுச் செற்றி வெள்ளைத் தோல். ஒரு கீறல் இல்லை, பார்த்தனீரே?"

பார்த்தேன். பார்க்காமல் விடுவேனா? அவளுடைய பழைய சட்டைகளைப் போட்டு வளர்ந்தவள் நான். அவளுடையது எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும்.

20 செப்டெம்பர், சனி

அம்மா அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு கிழமைக்கு என்றார். சாமிப்படத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு கிழமைக்கு ஆர் சாமிப்படம் கொண்டு போறது?

23 செப்டெம்பர்

வெட்கத்தை விட்டு அக்காவிடமே கேட்டேன், உங்கள் பூனை மட்டும் எப்படி என்று.

"கனடாவிலை நகம் எடுப்பிச்சனாங்கள். சின்ன வேலையடி."

இவ்வளவுதானா! தாடி எடுப்பது, மயிர் எடுப்பது மாதிரி நகம் எடுப்பது. கறுவலுக்கும் எடுத்துவிட்டால் அம்மா திரும்பி வராமலிருக்க என்ன சாட்டு? வியாழனுக்கு மிருக வைத்தியரிடம் நேரம் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைதான் முதலில் தந்தார்கள். வெள்ளியில் நகம் எடுக்கக்கூடாது என்று மாற்றினேன்.

25 செப்டெம்பர், வியாழன்

வைத்தியர் இளம் வெள்ளைக்காரப் பெண். அக்காவின் பூனைக்குக் கனடாவில் செய்தது மாதிரி வேண்டும், அது கீறுவதே இல்லை என்றேன். அவளுடைய முகம் மாறிப்போனது. தன் விரலை நீட்டி, கடைசி மூட்டில் மற்ற விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். பூனையின் நகம் எலும்போடு முளைப்பதாம். திரும்ப வளராமலிருக்க வேண்டுமென்றால் அந்த எலும்பையே வெட்ட வேண்டுமாம். இந்த நாட்டில் சட்டம் விடாது, விட்டாலும் தான் செய்யமாட்டேன் என்றாள்.

இன்னும் சொன்னாள். சில பூனைகளுக்குக் கால் நோவு போகாதாம். மூத்திரம் பெய்ய வைக்கிற தட்டில் மண் காலில் குத்துவதால் வெளியே பெய்யுமாம். கீற ஏலாததால் கடிக்கப் பழகுமாம். எல்லாம் அப்படியில்லை, இதைப் பற்றி அங்கே வைத்தியர்களே சண்டைபிடிக்கிறார்கள் என்றும் சொன்னாள். மண்ணுக்குப் பதில் கடதாசி கிழித்துப் போட்டால் சிலதுக்குச் சுகம் என்றாள்.

கறுவலின் நக நுனியை மட்டும் வெட்டி அனுப்பினாள். பஸ்ஸில் என் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

28 செப்டெம்பர், ஞாயிறு

குட்மேய்ஸ் போனேன். அக்கா கட்டில் விரிப்பைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஒஸ்கர் தட்டில் போவதில்லையாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓம், சந்தோஷம்தான், என்னுடைய கொப்பியில் நான் ஏன் பொய் எழுத வேணும்?

எலும்பு வெட்டுகிற கதையைச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்கை எல்லாரும் செய்யிறது. நகத்தோடை இருந்திருந்தா அத்தான் அதை வீட்டை விட்டே கலைச்சிருப்பார். அப்ப எது நல்லது, நீ சொல்லு?"



கடதாசிக் கதையை மட்டும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அம்மாவின் கட்டிலிலும் பெய்யட்டும். தானாக வருவார்.

5 அக்டோபர்

அம்மா இன்றைக்கும் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

9 அக்டோபர்

ஒஸ்கர் அம்மாவைக் கடித்துவிட்டது. பெருவிரலுக்குக் கீழே, ஆழமாக. கை வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். பூனையைத் தட்டுக்குப் பழக்கலாமென்று அம்மா தூக்கி வைத்தாராம், மண்ணில் கால் பட்டதும் திரும்பிக் கடித்ததாம்.

மண்ணில் கால் பட்டதும். ஐயோ. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் —

11 அக்டோபர், சனி

அம்மாவைக் கூட்டிவரத்தான் போனேன். அவருடைய உடுப்புக்குப் பை எல்லாம் கொண்டுபோனேன். பூனையை ஆருக்காவது குடுத்துவிடப் போகிறேன் என்று அக்கா அழுகிறாள். அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பூனையின் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பாவம் பிள்ளை. காலை வைக்கிறதைப் பார், சுடுமணலிலை வைக்கிற மாதிரி."

அதற்கு மேல் ஏலவில்லை. மண் குத்துவது, கடதாசி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது உனக்கு எப்ப தெரியும்?" அக்கா கேட்டாள்.

"போன முறை வரேக்கையே தெரியும்."

அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நான் தட்டிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டு, தமிழ்க்கடையில் சும்மா தருகிற பத்திரிகையைக் கிழித்துப் போட்டேன். மரண அறிவித்தல் பக்கத்தை அம்மா கிழிக்க விடவில்லை.

வெளிக்கிடும்போது பையை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை.

"நான் இப்ப வந்தா, இவள் அதைக் கொண்டுபோய் விட்டிடுவாள். நான் நிக்கிறன் பிள்ளை. நீ போட்டு வா."

19 அக்டோபர், ஞாயிறு

ஒஸ்கர் இப்போது கடதாசியில்தான் போகிறதாம். கால் நோவுக்கு மருந்தும் வாங்கியிருக்கிறார்கள். அக்கா சொல்லவில்லை, அத்தான்தான் றமணனுக்குச் சொன்னார். அக்கா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அடுத்த ஞாயிறு கொண்டுபோக நான் பத்திரிகை சேர்த்து வைத்திருக்கிறேன்.

பின்னேரம் அம்மாவோடு கதைத்தேன். கை எப்படி, சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போக, நடுவில் மறித்தார்.

"கொஞ்சம் மெல்லமாக் கதை பிள்ளை. ஒஸ்கர் மடியிலை நித்திரை."

நெஞ்சு எரிந்தது. மெல்லமாகத்தான் கதைத்தேன்.