நீங்கள் கேட்டுப் போகவில்லை, டீச்சர்

டீச்சர்,

கணினி அறையில் புது பிளாஸ்டிக் வாசம் இன்னும் போகவில்லை. சுவரை அடைத்துக்கொண்டு பெரிய தொடுதிரைப் பலகை ஒன்று நிற்கிறது. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பலொன்று புகைந்துகொண்டிருக்கிறது. புதுச் சாமான் வந்தால் எல்லோருக்கும் சந்தோசம் வரும். எனக்கு இந்த வாசத்தில் கோபம்தான் வருகிறது. அதனால்தான் பாடம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கணினிப் பாடத்துக்கு இங்கே வந்தபோது இந்த அறைக்குப் பெரிய பூட்டு. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தால் மட்டும் திறப்பார்கள். "பிள்ளைகள் தொட்டாப் பழுதாப் போயிடும்" என்றார் அதிபர். "தொடாமலே பழுதாப் போச்சே சேர்" என்றீர்கள் நீங்கள். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே உங்களைக் குறித்து வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு நிரோஜாவின் விசயம் வந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளை, என் வகுப்பு. யாரோ ஒரு பெடியனின் தோளில் அவள் சாய்ந்து கடற்கரையில் நிற்கிற மாதிரி ஒரு படம், வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போனது. கருவாடு காயப்போட்ட கையோடு அவளின் தாய் ஓடி வந்து அதிபரின் மேசைக்கு முன்னால் அழுதார்.

"படம் பொய்யோ மெய்யோ, பள்ளிக்கூடத்தின்ர பேர் கெட்டுப் போச்சு. விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போங்கோ" என்றார் அவர்.

சாதாரணதரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வகுப்பாசிரியை என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. நீங்கள் வாதாடவில்லை. நேரே நிரோஜாவிடம் போய்க் குந்தினீர்கள். "இது உன்ர முகம். நீ வேண்டாமெண்டா நான் அந்தப் படத்தைத் திறக்கமாட்டன்" என்றீர்கள். "காட்டுங்கோ மிஸ், எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

அந்தப் பாடவேளையை நான் மறக்கப்போவதில்லை. வகுப்பிலேயே உங்கள் மடிக்கணினியில் படத்தைப் பெருப்பித்துப் போட்டுவிட்டு, "நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்களே பாருங்கோ" என்றீர்கள். பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். பெடியனின் நிழல் கடல் பக்கம் விழ, அவளின் நிழலையே காணவில்லை. கழுத்தடியில் தோலின் நிறம் மாறியிருந்தது. முகம், பள்ளி விளையாட்டுப் போட்டியன்று எடுத்த குழுப்படத்திலிருந்து வெட்டியது என்று பின்வாங்கில் இருந்த ஒருத்தி கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு நீங்கள் உங்கள் சொந்தப் படத்தை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, அதே பெடியனின் தோளில் உங்களைச் சாய்த்து நிறுத்தினீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்து அப்படியே அடங்கிப்போனார்கள்.

அதிபர் வாசலில் நின்றார்.

"இப்ப என்னையும் நிப்பாட்டப் போறீங்களோ சேர்?" என்று கேட்டீர்கள்.

நிரோஜா பள்ளிக்கூடத்திலேயே நின்றாள், பரீட்சை எழுதினாள். ஆனால் உங்களை நிற்க விடவில்லை. வகுப்பில் தகாத படம் காட்டியதாக முறைப்பாடு போய், தூரத்துப் புல்மோட்டைக்கு இடமாற்றம் வந்தது. மூச்சிழுப்பு வருத்தக்காரியான உங்களை, விடியமுதல் பஸ்ஸேறிப் புழுதி குடிக்க அனுப்பினார்கள். அப்படியும், "பஸ்ஸில இறக்கக்கண்டிப் பாலம் தாண்டுறன். அங்க பள்ளிக்கூடத்தில மூண்டு கொம்பியூட்டர்தான், ஆனா அறைக்குப் பூட்டே இல்லை தெரியுமோ!" என்று போனில் சந்தோசப்பட்டீர்கள். வருத்தத்தைக் காட்டித் திரும்பி வரக் கேட்டபோதெல்லாம், பதிலுக்கு ஆள் இல்லை என்றார்கள். ஒரு மழைக்காலத்தில் மூச்செடுக்க ஏலாமல் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் வீடு திரும்பவில்லை. சாகிற வயதா டீச்சர் உங்களுக்கு?

இப்போது கதையைக் கேளுங்கள். டிஜிட்டல் கல்வி என்று புதுத் திட்டம் வந்து, போன மாதம் இந்தப் பலகையைத் திறந்து வைத்தார்கள். உங்கள் படத்துக்கு மாலை. அதே அதிபர் ஒலிவாங்கியில் உருகினார். அடுத்த நாள் பள்ளியின் முகநூல் பக்கத்தில் உங்கள் படத்தோடு ஒரு பதிவு: 'பின்தங்கிய பிரதேசப் பிள்ளைகளுக்காகத் தாமே விரும்பி இடமாற்றம் கேட்டுச் சென்ற தியாகி.'

உங்களுக்குப் பிறகு கணினிப் பாடம் என் தலையில்தான். அந்தப் பதிவைப் பிள்ளைகள் பார்க்க இந்தப் பெரிய பலகையில் போட்டேன். "இது உண்மையோ? ஆர் சொன்னது, அவைக்கு எப்பிடித் தெரியும்? விசாரிச்சுக்கொண்டு வாங்கோ" என்றேன்.

"நீங்கள் அப்ப இஞ்சதானே மிஸ் இருந்தனீங்கள்? நீங்களே சொல்லுங்கோ" என்றான் ஒருவன்.

"நான் சொல்லுறன் எண்டதுக்காக நம்பாதைங்கோ. வேற ஆக்களையும் கேளுங்கோ."

கேட்டார்கள். உங்கள் கணவரிடம் போனார்கள். புல்மோட்டையில் உங்களோடு படிப்பித்தவர்களிடம் போனில் பேசினார்கள். சல்லிக்குப் போய் நிரோஜாவைக் கண்டார்கள். இப்போது தாதியாகப் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். நேற்று அந்தப் பதிவின் கீழே முதலில் எழுதியது அவள்தான், தன் பெயரோடும் முகத்தோடும்: 'அந்தப் படத்துப் பிள்ளை நான்தான். எனக்காகக் கதைச்சதுக்குத்தான் டீச்சரை அனுப்பினவை. அவா கேட்டுப் போகேல்லை.' அதற்குக் கீழே பிள்ளைகள் ஒவ்வொருவராக, யாரைக் கேட்டோம், என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்று காலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"இதையோ பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறீங்கள்?"

"ஓம் சேர். இதைத்தான்."

"உடன அழிக்கச் சொல்லுங்கோ."

"பிழை எண்டு காட்டுங்கோ, அழிக்கச் சொல்லுறன்."

அவரால் காட்ட ஏலாது. எனக்கும் எங்காவது ஒரு இடமாற்றம் வரலாம். வரட்டும். கோபம் ஆறவில்லை டீச்சர், ஆறவும் வேண்டாம். கத்தித் தீர்த்துவிடாமல் அதைப் பாடமாக்குகிற வித்தையை உங்களிடம் பார்த்திருக்கிறேன். நாளைக்கு முதலாம் பாடவேளை எனக்குப் பத்தாம் தரத்தில். அங்கேயும் இந்தக் கோபத்தோடுதான் போகிறேன்.