சமையலறைக்குக் கீழே ஒரு வாய்க்கால்

புதன்கிழமை, இரவு

'எங்கள் ஊரின் வரலாறு' கண்காட்சிக்காக, அப்பா சின்ன வயதில் பார்த்த ஊரை வரைபடமாக வரைந்தேன். அவர் குதித்து நீந்திய வாய்க்காலுக்கு நீலம் தீட்டினேன். டீச்சர் வகுப்பு முழுக்கக் காட்டிப் பாராட்டினார். வெள்ளிக்கிழமை தாசில்தார் பார்க்க வருகிறாராம்.

நேற்று இதைச் சொன்னதும் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த வாய்க்கால் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா பாப்பா?"

"தூந்துபோச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"தானா தூந்துபோகல. நான்தான் மண்ணடிச்சு இந்த வீட்டைக் கட்டினேன். நீ உக்காந்திருக்கியே, அங்கதான் குதிப்போம்."

அம்மா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். போன மாதம் பக்கத்து ஊரில் வாய்க்கால் மேல் கட்டிய வீடுகளை இடித்தார்கள். நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம்.

தப்பாக வரைந்துவிட்டேன் என்று டீச்சரிடம் பொய் சொல்லி, படத்தை இன்று வாங்கி வந்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு வேறு அட்டையில் வரைந்தேன். எங்கள் வீட்டைத் தொடாமல் வாய்க்காலைக் கிழக்கே வளைத்துவிட்டேன். நீலம் தீட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், அது செல்வியின் வீட்டுக்குள் போகிறது.

நாளைக் காலையும் பள்ளிக்குப் போக அவள்தான் என்னைக் கூப்பிட வருவாள். இந்த நீலப் பென்சில்கூட அவளுடையதுதான்.